மூன்று பேர் சுமக்கும் புகைப்படக் கழகம்

கேள்வி: மட்டக்களப்பு நகரில் இயங்கும் சிறிய புகைப்படக் கழகமொன்றுக்கு ஆறு வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். தொழிலால் ஆசிரியை. அங்கத்தவர் 46 பேர். கூட்டத்துக்கு வருகிறவர்கள் இருபது பேரளவில். தலைவர், பொருளாளர், நான் என மூன்று பேர்தான் எல்லாவற்றையும் செய்கிறோம். இரண்டு வருடாந்தப் பொதுக்கூட்டங்களாகப் பதவிக்கு ஒருவரும் முன்வரவில்லை. பழையவர்களையே கைதட்டித் தெரிவு செய்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். கடைசிப் போட்டியில் தலைவரின் படத்துக்கு முதலிடம் கிடைத்ததால் வட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. நிருவாகத்தில் உள்ளவர்கள் போட்டியிடவே கூடாது என்கிறார்கள். போன வருடக் கண்காட்சிக்குச் சட்டம் போட்ட படங்கள் பல கண்ணாடியில் ஒட்டிப் பழுதாகிவிட்டன. நான் கமெராவைத் தொட்டு மாதக்கணக்காகிறது. கழகத்தை மூடிவிடலாமா?
கல்லடியிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

மூட வேண்டாம். சம்பளமில்லாத ஒரு கழகத்துக்கு மாதாமாதம் இருபது பேர் வருகிறார்கள் என்றால் அங்கே ஏதோ சரியாகத்தான் நடக்கிறது. உங்கள் கடிதத்தில் “பதவிக்கு ஒருவரும் முன்வரவில்லை” என்று இருக்கிறது. வேலைக்கு முன்வரவில்லை என்று எங்கும் இல்லை. ஆறு வருடமாக நீங்கள் அந்தக் கதிரையிலிருந்து எழும்ப முடியாமல் இருப்பதை அந்த இருபது பேரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். உட்கார்ந்தால் எழும்ப ஏலாது என்று தெரிந்த கதிரையில் யார் உட்காருவார்? ஆகவே பதவியைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, முதலில் வேலையைத் துண்டுபோடுங்கள்.

ஒரு மாதக் கூட்டத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். மண்டபத்துக்குச் சொல்வது, திறப்பு வாங்குவது, புரொஜெக்டரும் வயரும் கொண்டுவருவது, பேச வருபவரை ஒழுங்கு செய்வது, அவரைக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது, அங்கத்தவர்களின் படங்களை ஒரே கோப்புறையில் சேர்ப்பது, வாசலில் நின்று வரவேற்பது, தேநீர், வரவுப் பதிவு, கூட்ட அறிக்கை, கடைசியில் கதவைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுப்பது. பதினொரு வேலை. இதில் ஒன்பதை நீங்களே செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான வேலைக்கு அரை மணித்தியாலம்கூட எடுக்காது. எல்லாம் ஒரே தலையில் இருப்பதுதான் சுமை.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், யாருக்குப் போன் எடுக்க வேண்டும், எது பிழைக்கும். அந்த நாலாவதுதான் முக்கியம். அது இப்போது உங்கள் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. புரொஜெக்டர் அட்டை ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: “கூட்டத்துக்கு 45 நிமிடம் முன்னர் வரவும். மண்டபத்துச் செருகி சதுர முனை, எங்கள் வயர் வட்ட முனை. அடப்டர் நீலப் பையில். எச்டிஎம்ஐ வயர் ஐந்து மீற்றர் வேண்டும், லப்டொப்போடு வருகிற குட்டை வயர் எட்டாது. லப்டொப்பில் இரவு ஒளி, ஸ்கிரீன் சேவர் இரண்டையும் அணைக்கவும். இரவு ஒளி கிடந்தால் எல்லாப் படமும் மஞ்சளாய்த் தெரியும், எடுத்தவர் கோபப்படுவார். மேற்கு ஜன்னல் திரையை இழுத்து விடவும்.” இதை வாசிக்கிற பல்கலைக்கழக மாணவன் ஒருவன் இரண்டாம் மாதமே உங்களைக் கேட்காமல் செய்துவிடுவான்.

வேலையைக் கேட்கிற விதமும் உண்டு. குழுவில் “ஆராவது பொறுப்பெடுங்கோ” என்று போட்டால் 46 பேரும் மற்ற 45 பேரை நினைத்துக்கொள்வார்கள். பெயர் சொல்லி, தனியாக, நேரிலோ போனிலோ, முடிகிற திகதியோடு கேளுங்கள். “தம்பி, ஒக்டோபர் பயணத்துக்கு வான் பேசித் தர ஏலுமா? அது மட்டும்தான், அந்த ஞாயிறோட முடிஞ்சுது.” ஏலாது என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்; மூன்று மாதம் கழித்து வேறொன்றைக் கேளுங்கள். ஒருவர் வேலையைச் செய்து முடித்தால், அது நீங்கள் செய்வதுபோல் இல்லாவிட்டாலும், திருத்தப் போகாதீர்கள். தேநீரோடு பணிசுக்குப் பதில் வடை வந்தால் உலகம் அழியாது. கொடுத்த வேலையைப் பின்னால் நின்று பார்க்கிற செயலாளரிடம் இரண்டாம் தடவை ஒருவரும் வேலை வாங்குவதில்லை.

இன்னொன்று: வங்கியில் இருப்பவரைப் பொருளாளராக்குவதும் ஆசிரியையைச் செயலாளராக்குவதும் நம் ஊர்ச் சங்கங்களின் பழக்கம். நாள் முழுக்கச் செய்கிற வேலையையே மாலையிலும் தலையில் கட்டுகிறோம். வங்கிக்காரர் பயண வழிகாட்டியாகச் சந்தோசமாக வரக்கூடும். ஸ்டூடியோ வைத்திருப்பவர்களிடம் விழாவுக்கு இலவசமாகப் படம் எடுத்துத் தரச் சொல்லாதீர்கள். அது அவர்களின் சோறு. ஒரு விளக்கும் ஒரு வெள்ளைத் துணியும் வைத்து முகத்துக்கு ஒளி விழுத்தக் கற்றுக்கொடுங்கள் என்று கேளுங்கள், வருவார்கள். தை, வைகாசி, ஆவணிக் கல்யாணக் காலத்தில் மட்டும் அவர்களை எதிர்பார்க்க வேண்டாம். போட்டிக்கான கடைசித் திகதியையும் அந்த மாதங்களில் வைக்க வேண்டாம்.

வாசலில் நிற்கிற ஆளை லேசாக எண்ணாதீர்கள். புதிதாக வருகிற பெண் பிள்ளை ஒரு மூலையில் இருக்க, முன் வரிசையில் ஐந்து பேர் ஒரு மணித்தியாலம் லென்ஸ் விலை பேசிக்கொண்டிருந்தால் அவள் அடுத்த மாதம் வரமாட்டாள். வாசலில் நிற்பவருக்கு ஒரே கடமை: புதியவரின் பெயரைக் கேட்டு, இன்னொருவரிடம் அறிமுகப்படுத்தி, அவர் போனில் இருக்கிற ஒரு படத்தைப் பார்ப்பது. பெண் அங்கத்தவர்கள் குறைகிறார்கள் என்றால் கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்று பாருங்கள். இரவு எட்டரைக்கு முடிகிற கூட்டத்திலிருந்து ஏறாவூருக்கோ களுவாஞ்சிக்குடிக்கோ தனியாக எப்படிப் போவது? ஞாயிறு பிற்பகல் மூன்றரைக்கு வைத்தால் பாதிப் பிரச்சினை பேசாமலே தீரும்.

பதவிகளுக்கு வருவோம். யாப்பில் ஒரு வரி சேருங்கள்: எந்தப் பதவியும் இரண்டு வருடம், தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இல்லை. மூன்று பேரும் ஒரே வருடத்தில் இறங்காதபடி பொருளாளரின் தெரிவை மற்ற இருவரின் தெரிவிலிருந்து ஒரு வருடம் தள்ளிவையுங்கள். உப செயலாளர் என்ற பெயரில் ஒருவரைச் சும்மா வைத்திருக்காமல், கூட்ட அறிக்கையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். அறிக்கை எழுதுகிறவருக்குத்தான் ஒரு வருடத்தில் கழகம் எப்படி ஓடுகிறது என்று விளங்கும். அடுத்த செயலாளர் அங்கேதான் உருவாகிறார்.

கைமாற்றத்தில் அதிகம் பிழைப்பது கடவுச்சொல். கழகத்தின் முகநூல் பக்கத்தைத் தொடங்கிய பையன் கட்டாருக்குப் போய்விடுவான், மின்னஞ்சல் அவன் பழைய போன் நம்பரில் கிடக்கும், பக்கத்துக்குள் ஒருவரும் போக முடியாது. கழகத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் ஒன்று வையுங்கள்; முகநூல், படச் சேமிப்பு எல்லாம் அதன் கீழ் இருக்கட்டும். பக்கத்துக்கு எப்போதும் மூன்று நிருவாகிகள். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி, ஒட்டிய உறையில் போட்டுப் பொருளாளரின் கோப்பில் வையுங்கள். வங்கிக் கணக்கும் அப்படியே. மூன்று பேர் கையொப்பக்காரர், அதில் எந்த இருவர் இட்டாலும் செல்லும் என்று தீர்மானம் எடுங்கள். இரண்டே பேர் இருந்து ஒருவர் கனடா போய்விட்டால், கணக்கைத் திறக்கத் திரும்பவும் பொதுக்கூட்டத் தீர்மானம், அறிக்கைப் பிரதி, அடையாள அட்டைப் பிரதி என்று அலைய வேண்டும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் பொருளாளரும் களைத்திருப்பார். மாதச் சந்தா அறவிடுவதுதான் அவரைக் கொல்லும். 46 பேரிடம் வருடத்துக்குப் பன்னிரண்டு தடவை என்றால் 552 தடவை கேட்க வேண்டும். வருடச் சந்தாவை இரண்டு தவணையில் வாங்கினால் 92 தடவை. மாணவருக்குப் பாதி. பணம் கழகக் கணக்குக்கே போகட்டும், ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போகவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று, காசேடு ஒன்று, மூன்று மாதத்துக்கொருமுறை ஒரு பக்கக் கணக்கைக் கூட்டத்தில் வாசித்தல்: இவ்வளவு போதும். பிரதேச செயலகத்தில் இன்னும் பதியாவிட்டால் பதிந்துகொள்ளுங்கள். கழகப் பெயரில் கணக்குத் திறக்க வங்கி யாப்பையும் பதிவையும் கேட்கும். அரச மண்டபம் கேட்டுக் கடிதம் எழுதும்போதும் பதிவு இலக்கம் உதவும்.

இனிப் போட்டி. நிருவாகத்தில் உள்ளவர்கள் போட்டியிடக் கூடாது என்ற யோசனைக்கு இணங்க வேண்டாம். வருடம் முழுக்க மற்றவர்களுக்காக ஓடுகிறவரிடம் “நீ படம் போடக் கூடாது” என்றும் சொன்னால், அடுத்த தடவை பதவிக்கு ஆள் தேடுவது இன்னும் கஷ்டம். தடை இரண்டே பேருக்குத்தான் வேண்டும், அதுவும் அந்தச் சுற்றுக்கு மட்டும்: நடுவர்களைத் தெரிவு செய்தவர், பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர். இந்த இரண்டு வேலையையும் சுற்றுக்குச் சுற்று வேறு ஆட்களுக்கு மாற்றினால் ஒருவருக்கும் நிரந்தர இழப்பில்லை. உங்கள் தலைவர் நேர்மையாகவே வென்றிருக்கலாம். அதை நிரூபிக்கிற ஒழுங்கு ஒன்றும் அங்கே இருக்கவில்லை, சண்டை அங்கேதான் தொடங்கியது.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும். ஒருவருக்கு மூன்று படத்துக்கு மேல் இல்லை. ஜேபெக் கோப்பு, எஸ்ஆர்ஜிபி நிறவெளி (திரைகளுக்கான பொதுவான நிற ஒழுங்கு), நீண்ட பக்கம் 1920 பிக்சல். மின்னஞ்சலிலோ, வட்ஸ்அப் என்றால் ஆவணமாகவோ அனுப்ப வேண்டும். சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீண்ட பக்கத்தை ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருக்கி, நுண்விவரத்தையும் தின்றுவிடும். படத்தில் கையொப்பமோ முத்திரையோ இருக்கக் கூடாது. பெறுகிறவர் ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண் கொடுத்து, கோப்பின் பெயரை மாற்றி, கமெரா கோப்புக்குள் பதிந்துவிடுகிற எக்சிஃப் தகவலை நீக்கிய பிரதியை மட்டும் நடுவருக்கு அனுப்ப வேண்டும். எக்சிஃப்பில் கமெராச் சொந்தக்காரரின் பெயர் இருப்பதுண்டு. இதைக் கவனிக்காமல் “பெயர் மறைத்து” நடத்திய போட்டிகள் எத்தனையோ.

நடுவர் மூன்று பேர். குறைந்தது இருவர் வெளியூர். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்தாலும் இணையவழி பார்க்கலாம், ஆனால் போனில் பார்க்கக் கூடாது. முதலில் எல்லாப் படங்களையும் நாலு நாலு செக்கனாக ஓடவிட்டுக் காட்டுங்கள். இரண்டாம் சுற்றில்தான் புள்ளி. இல்லாவிட்டால் முதலில் வந்த படங்களுக்குப் பிடித்துப் பிடித்துப் போட்டுவிட்டு, தரம் தெரிந்தபின் கை இளகும். பட்டியலில் முன்னால் நின்றவர்களுக்கு அநியாயம். பத்துக்கு எத்தனை என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதட்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். ஒரே படத்துக்கு நடுவர்களிடையே நாலு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதைத் திரும்பக் காட்டி, காரணம் பேசி, விரும்பினால் திருத்த இடம் கொடுங்கள். அறுபது படத்துக்கு அரை நிமிடம் வீதம் அரை மணித்தியாலம். மீள்பார்வையோடு ஒரு மணித்தியாலத்தில் முடியும். முடிவு அறிவிக்கும்போது மூன்று நடுவர்களின் புள்ளியையும் எண்ணோடு திரையில் காட்டிவிடுங்கள். வாக்குவாதத்துக்கு வேறு மருந்து கிடையாது.

போன் படத்துக்குத் தனிப் பிரிவு வேண்டுமா என்று கேட்பார்கள். தேவையில்லை. பிரிக்க வேண்டுமானால் அனுபவத்தால் பிரியுங்கள்: மூன்று தடவை இடம் பெற்றவர் மேல் பிரிவுக்கு ஏறட்டும், மற்றவர்கள் கீழே. இயற்கைப் பிரிவு வைத்தால் மட்டும் விதியை எழுத்தில் கொடுங்கள். பியாப் எனப்படும் சர்வதேசக் கூட்டமைப்பு, அமெரிக்கப் புகைப்படச் சங்கம், பிரித்தானிய ரோயல் புகைப்படச் சங்கம் மூன்றும் இதற்கு ஒரே வரையறையை வைத்திருக்கின்றன: படத்தில் எதையும் சேர்க்கவோ, இடம் மாற்றவோ, அழிக்கவோ கூடாது, ஓரம் வெட்டலாம், சென்சர் தூசியைத் துடைக்கலாம், முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கலாம். கொக்கின் பின்னால் நின்ற பிளாஸ்டிக் போத்தலை அழித்த படம் இயற்கைப் பிரிவுக்கு ஆகாது. திறந்த பிரிவில் போடட்டும். முதல் ஐந்து இடத்துக்கு வருகிறவர்களிடம் முடிவு சொல்லுமுன் கமெராவிலிருந்து வந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

பயணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தொண்டர்கள் களைப்பதும் ஆபத்து வருவதும் அங்கேதான். நம் பக்கத்தில் சூரியன் சாய்வாக ஏறுவதில்லை, நெட்டாக ஏறும்: மணிக்கு ஏறத்தாழ 15 பாகை. உதித்து 25 நிமிடத்தில் பொன்னிற ஒளி முடிந்துவிடும். இன்னும் உயர ஏறினால் முகங்களில் கண்குழி நிழல் விழத் தொடங்கும். அதனால் “ஆறு மணிக்கு கல்லடிக் கடற்கரையில் சந்திப்போம்” என்பது பிழையான அறிவித்தல். யூனில் உதயம் 5.45 தாண்டியவுடன், பெப்ரவரித் தொடக்கத்தில் 6.20க்கும் பிந்தி. அந்த நாளின் உதய நேரத்தைப் பார்த்து அதற்கு 40 நிமிடம் முன்னர் ஆட்கள் இடத்தில் நிற்க வேண்டும். கல்லடிப் பாலத்துக்கும் இதே கணக்குத்தான். காலைக்கு எழுவான்கரைக் (வாவிக்குக் கிழக்குப் பக்கம்) கடல், மாலைக்கு வாவிக்கரை என்று பிரித்துப் போடுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவ மழை. அந்த மாதங்களில் வெளிப் பயணமே வைக்காமல் உள்ளரங்கப் பயிற்சி வையுங்கள். உங்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பேர். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருபவரைத் தாண்டி ஒருவரும் பின்தங்கக் கூடாது. புறப்படும்போதும் வானில் ஏறும்போதும் தலை எண்ணுங்கள். வழிகாட்டுகிற இருவரும் அன்று கமெராப் பையைத் திறக்கக் கூடாது. கண் வியூபைண்டருக்குள் போனால் ஆள் எங்கே என்று தெரியாது. அதனாலேயே அந்த வேலை பயணத்துக்குப் பயணம் மாற வேண்டும். ஆறு வருடம் நீங்களே வழிகாட்டினால், ஆறு வருடம் உங்களுக்குப் படமில்லை.

வாவியில் தோணி எடுத்தால் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, ஏறுமுன் போட்டிருக்க வேண்டும். தோணி காற்றால் மட்டும் சரிவதில்லை. இடப்பக்கம் ஒரு மீன்கொத்தி தெரிந்தவுடன் எட்டுப் பேரும் ஒரேயடியாக இடப்பக்கம் எழும்புவார்கள்; பாரம் சாய்ந்து தோணி கவிழும். எழும்பக் கூடாது, இருந்தபடி எடுக்க வேண்டும், எதிர்ப்பக்கத்தவர் தோணி திரும்பும்வரை பொறுக்க வேண்டும். தோணிக்காரர் பத்துப் பேர் என்றால் நீங்கள் ஏழு பேரை ஏற்றுங்கள், பைகளும் பாரம்தான். தோணிக்குள் முக்காலி உதவாது, இயந்திர அதிர்வு கால் வழியே ஏறும். கமெராவின் ஷட்டர் வேகத்தை 1/1000 செக்கனுக்குக் குறையாமல் வைக்கச் சொல்லுங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் போனால் யானை நடமாட்டத்தை அன்றன்று ஊராரிடம் கேட்டு, பொழுது படுமுன் திரும்பிவிடுங்கள். குமணை தேசிய பூங்காவுக்கு என்றால் நீர்ப்பறவைகள் கூடுகட்டுகிற ஏப்ரல் தொடக்கம் யூலை வரையான காலம் நல்லது. காலையில் பூங்காவின் உகந்தை வாசல் திறக்கும்போது அங்கே நிற்பதற்கு முதல்நாள் இரவு பொத்துவில் பக்கம் தங்க வேண்டியிருக்கும். கூட்டை நெருங்குவது, பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு அழைப்பது இரண்டுக்கும் கண்டிப்பான தடை போடுங்கள். தாய்ப் பறவை எழும்பினால் முட்டை வெயிலில் வேகும், காகம் கொண்டுபோகும்.

வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குகளுக்குக் கூட்டமாகப் போகிற ஆசை எல்லாக் கழகத்துக்கும் உண்டு. இருபது கமெரா ஒன்றாக உள்ளே போனால் அது சடங்காக இருக்காது. ஒரு கிழமைக்கு முன்னரே கோயிலை நிருவகிக்கிற வண்ணக்கரிடம் இருவர் நேரில் போய்க் கேளுங்கள்: எங்கே நிற்கலாம், எந்த நேரம் எடுக்கக் கூடாது, சட்டை கழற்ற வேண்டுமா. ஒரு நேரத்தில் நாலு பேர், பிளாஷ் இல்லை, தெய்வம் ஆடுபவரின் முகத்துக்கு முன்னால் போவதில்லை. முடிந்தபின் பத்துப் படம் அச்சிட்டுக் கோயிலுக்குக் கொடுங்கள். அடுத்த வருடம் அவர்களே கூப்பிடுவார்கள். பள்ளிவாசலானாலும் தேவாலயமானாலும் இதே முறைதான், நிருவாகத்தைக் கேட்காமல் நுழைவதில்லை. சிறுவர் முகம் தெரிகிற படத்துக்குப் பெற்றோரின் சம்மதம். முகாம், சோதனைச் சாவடி பக்கம் கமெரா திரும்பக் கூடாது. ட்ரோன் வைத்திருக்கும் அங்கத்தவர் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவையும் தேவையான அனுமதியையும் காட்டாமல் கழகப் பயணத்தில் பறக்கவிடக் கூடாது. மட்டக்களப்பு விமான நிலையம் நகரையொட்டி வாவிக்கரையிலேயே இருக்கிறது. விதியும் அடிக்கடி மாறும்.

கண்காட்சிப் படங்கள் ஒட்டியதற்குக் காரணம் ஈரக்காற்று. லாப்பில் அச்சிடுகிற படத்தாளின் மேற்படை ஜெலற்றின். ஈரத்தில் அது இளகும், நேரே கண்ணாடியில் பட்டால் பசைபோல் பிடிக்கும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்புள்ள மவுண்ட் அட்டையை ஜன்னல் போல வெட்டி வைத்தால் இடைவெளி கிடைக்கும். படத்தை இருபக்க டேப்பால் ஒட்டாதீர்கள், வெக்கையில் இளகி வழுகும். மூலைப் பைகளால் பிடியுங்கள். சட்டத்தின் பின் கீழ் மூலைகளில் சிறு றப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றோடும். ஒட்டிப்போன படங்களைப் பிய்க்க வேண்டாம். கோப்பு இருந்தால் மறுபடி அச்சிடுங்கள். கோப்பு இல்லாவிட்டால் கண்ணாடியோடு வைத்தே ஸ்கான் செய்து கோப்பாக்குங்கள்.

அளவுக்கு 12க்கு 18 அங்குலம் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். ஒரு மீற்றர் தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 புள்ளியே போதும், அது 2400க்கு 3600. வட்ஸ்அப்பில் வந்த 1600 பிக்சல் படத்தை அதே அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூட வராது, பிசிறடிக்கும். அச்சிடக் கொடுக்குமுன் ஒரு படத்தைச் சோதனைக்கு எடுத்துப் பாருங்கள்; கணினித் திரையை அதிக வெளிச்சத்தில் வைத்துத் திருத்துகிறவர்களின் படமெல்லாம் அச்சில் இருண்டு வரும். சட்டத்தோடு ஒரு படம் 61 சென்ரிமீற்றர் அகலம், இடைவெளி 20 என்றால் முப்பது படத்துக்கு 24 மீற்றருக்குச் சற்று மேல் சுவர் வேண்டும். இதை மண்டபம் பேசுமுன் கணக்குப் பார்க்க வேண்டும், சட்டம் அடித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. படத்தின் நடு நிலத்திலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கட்டும். கல்லடிப் பாலத்துக்கு மூன்று படத்துக்கு மேல் இடமில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். இல்லாவிட்டால் முப்பதும் பாலமாகத்தான் வரும்.

கண்காட்சியைப் பார்த்துவிட்டு விடுதிகளும் நிறுவனங்களும் கழகத்திடம் படம் கேட்கும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி படத்தின் உரிமை எடுத்தவருடையது, கழகத்துடையது அல்ல. நுழைவுப் படிவத்தில் கண்காட்சிக்கும் கழகப் பக்கத்துக்கும் மட்டும் அனுமதி வாங்குங்கள். மற்றது எதுவானாலும் எடுத்தவரையும் கேட்பவரையும் நேரே பேசவிட்டு நீங்கள் விலகிவிடுங்கள்.

வட்ஸ்அப் குழுவை இரண்டாக்குங்கள். அறிவித்தல் குழுவில் நிருவாகிகள் மட்டும் எழுதலாம். மற்றதில் படமும் பேச்சும். காலை வணக்கப் பூக்களும் அரசியலும் இரண்டிலும் வேண்டாம். போட்டி முறைப்பாடு குழுவில் பேசப்படாது. முடிவு வந்து ஏழு நாளுக்குள் எழுத்தில் தந்தால் அடுத்த நிருவாகக் கூட்டத்தில் பதில் கிடைக்கும் என்று விதியில் எழுதிவிடுங்கள். எழுதச் சொன்னால் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். மிச்சப் பேர் எழுதுவதில் உண்மை இருக்கும்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்னரே வேலை அட்டைகளைத் தொடங்குங்கள். 21 நாளுக்கு முன் பதவி வேட்பு மனுக் கோரி எழுதுங்கள். அந்தக் கடிதத்திலேயே நீங்கள் செயலாளர் பதவிக்கு மீண்டும் நிற்கவில்லை என்பதையும் போட்டுவிடுங்கள். கூட்டத்தன்று கைதட்டத் தொடங்கினாலும் ஏற்க வேண்டாம். ஒருவரும் வராவிட்டால் கதிரை காலியாகவே கிடக்கட்டும்: அறிக்கை ஒருவர், கடிதத் தொடர்பு ஒருவர், மண்டபம் ஒருவர் என்று மூன்று பேருக்கு மூன்று மாதத்துக்குப் பிரித்துக் கொடுத்துக் கூட்டத்தை முடியுங்கள். அதற்கும் ஆளில்லை என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு கூட்டத்தை எட்டாகவும் நாலு போட்டியை இரண்டாகவும் குறைத்து, அதை அந்தக் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். கைமாற்றத்துக்காக இரண்டு மாதம் போனில் கிடைப்பீர்கள் என்று சொல்லி, முடிகிற திகதியையும் சொல்லிவிடுங்கள். அதற்கு அடுத்த பயணத்தில் வழிகாட்டிப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது. பற்றரியை முதல்நாளே சார்ஜ் போட்டு வையுங்கள். மாதக்கணக்காகத் தொடாத லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.